முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு

“நான் இரண்டு கைக்குழந்தைகளுக்குத் தாய்” என்று அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பொறியாளர் குரோசே மைக்கில் சொன்னார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கறுப்புக் கோட்டு, சாம்பல் நிற டை, பாதித் தலைக்கு வழுக்கை. இசோதானி ஊர்மன்றத்தில் கூடியிருந்த நூற்றுப் பதினாறு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் கையிலிருந்த காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தொடர்ந்து படித்தார்.

“சின்னவள் இன்னும் பால் குடி மறக்கவில்லை. அலைச் சத்தம் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம் என்று தயவுசெய்து சொல்வீர்களா?”

மேடை ஓரத்தில் மைக் ஒயரோடு மல்லாடிக்கொண்டிருந்த தொகாஷிக்கு மட்டும் விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவர் முதலில் செய்த காரியம், மேடைக்கு அடியில் ஓர் ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்ததுதான். இடம் இருந்தது. ஆனால் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கச் சொன்னவரும் அவரேதான்.

இதற்கு ஒரு நிமிடம் முன்பே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். முடிதிருத்தும் கடைக்கார ஹன்சாவா கை தூக்கி, “ஒரு கேள்வி இருக்கு” என்று எழுந்து, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, “தங்கள் மனக்கவலையை எங்கள் நிறுவனம் மிக ஆழமாக உள்வாங்கிக்கொள்கிறது. தடுப்புச் சுவரின் உயரம் பதினைந்து மீட்டர். ஆகவே மன அமைதியோடு இருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்” என்று படித்து, இடுப்பு வளைய வணங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹன்சாவாவிடம் நிறுவனம் எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது இரண்டு சுழல் நாற்காலியும் ஒரு பூனையும். ஆனால் அந்த நேரம் மைக் ஒயரில் சிக்கியிருந்த தொகாஷியின் காதில் மரியாதையான தொனி மட்டும்தான் விழுந்தது. நல்ல மனிதர், முன்னுரை சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தப்பு நடந்த விதம் இது.

தொகாஷி நகராட்சி அலுவலகத்தில் மக்கள் தொடர்புப் பிரிவின் துணைத்தலைவர். ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்து நடந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அங்கே நடந்ததற்கு இங்கே இசோதானியில், கடற்கரைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உலையையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின உலையைத் திரும்ப ஓட்ட வேண்டுமானால் ஊர் சம்மதிக்க வேண்டும். ஊர் சம்மதிக்க வேண்டுமானால் ஊருக்கு விளக்க வேண்டும். பதினொரு முறை விளக்கியாகிவிட்டது. பதினொரு கூட்டத்திலும் ஒரே ஆள்தான் கேள்வி கேட்டாள். மீனவர் சங்கத்துப் பெண்கள் பிரிவின் தலைவி இகுகோ. அவள் கேட்பாள், உலையை நடத்தும் மின் நிறுவனத்தார் எழுதிக் கொண்டுவந்ததைப் படிப்பார்கள், மற்றவர்கள் இலவசமாகக் கிடைத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கண் அயர்வார்கள்.

“ஒரே ஆள் கேக்குறது விவாதம் மாதிரியே தெரியலையே, தொகாஷி சான்” என்றார் மேயர், மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து. “நாலஞ்சு பேர் கேட்டா ஒரு களை இருக்கும்.”

நகராட்சி அலுவலக மொழியில் இதற்குப் பெயர் கட்டளை. ஆகவே தொகாஷி ஐந்து கேள்விகளை அவரே எழுதினார். அந்த ஐந்துக்கும் பதில்களையும், நிறுவனம் அனுப்பியிருந்த தகவல்களை வைத்து, அவரே எழுதினார். கேள்விகளை ஊர்க்காரர்கள் ஐந்து பேரிடம் கொடுக்க வேண்டும், பதில்களை குரோசேயிடம் கொடுக்க வேண்டும். இதைப் பற்றி அவருக்குப் பெருமை இல்லை. சின்னவள் பால் குடி மறக்காத இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமை இருந்தது.

காகிதங்களை உறைகளில் போட்டு மேலே பெயர் எழுதும்போதுதான் வினை வந்தது. “கேள்வி”, “பதில்” என்று பச்சையாக எழுதினால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். அதனால் ஒப்பந்தப் பத்திரங்களில் எழுதுவதுபோல “முதல் தரப்பு”, “இரண்டாம் தரப்பு” என்று எழுதினார். அன்றைக்கு என்னவோ அவருக்குள் ஒரு ஜனநாயக உணர்ச்சி பொங்கியது. இந்த ஊர் யாருடையது, மக்களுடையது அல்லவா, அவர்கள்தானே முதல் தரப்பு என்று ஊர்க்காரர்களின் கேள்வி உறைகளில் “முதல் தரப்பு” என்று எழுதிவிட்டுத் திருப்தியாகத் தூங்கினார். காலையில் உணர்ச்சி தணிந்திருந்தது. முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் அவர் தொட்ட எந்தப் பத்திரத்திலும் நிறுவனம்தான் முதல் தரப்பு, ஊர் எப்போதும் இரண்டாம் தரப்பு. கை அதன் பழக்கத்துக்கு “முதல் தரப்பு” உறைகளைக் கொண்டுபோய் மேடையில் குரோசேயின் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. “இரண்டாம் தரப்பு” உறைகளை வாசலில், செருப்பு மாற்றும் இடத்தில், அந்த ஐந்து பேரிடமும் கொடுத்தது. வாயும் அதன் பங்குக்கு, “எதையும் யோசிக்காதீங்க, இருக்குறத அப்படியே படிங்க” என்று வேறு சொல்லி வைத்தது.

அவர்களும் யோசிக்கவில்லை. அதுதான் கொடுமை.

குரோசேயாவது யோசித்திருக்கலாம். ஆனால் அவர் வழியில் வண்டி பழுதாகிக் கடைசி நிமிடத்தில் ஓடி வந்தவர். முதல் வரியிலேயே காது சிவந்தது. இருந்தும் அவர் பொறியாளர். தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடுவது அவருக்குப் பாதி மூடிய வால்வை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுபோல. படித்து முடித்தார்.

பிறகு பின்வரிசையில் யாரோ, “வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. பதினொரு கூட்டமாகத் தூங்கினவர்கள் எல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தார்கள். மேயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல நடித்தார். தொகாஷி மைக்கைப் பிடித்து, “மன்னிக்கணும், ஒரு சின்ன, நிர்வாக ரீதியான, உறை சம்பந்தப்பட்ட...” என்று தொடங்கினார்.

“நிறுத்துங்க, துணைத்தலைவரே!” முன்வரிசையிலிருந்து இகுகோ எழுந்தாள். அறுபது வயது, ஆனால் ஏலக்களத்தில் நாற்பது வருடம் கத்திப் பழகிய தொண்டை. அவளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. “எழுதினது நீங்கதானே?”

தொகாஷி தரையைப் பார்த்து வணங்கினார். அதை ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், மன்னிப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

“கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அப்ப நாங்க எதுக்கு? துண்டு வாங்கவா?”

“இகுகோ சான், கூட்டத்த இப்பவே ஒத்தி வெச்சிடறேன்...”

“எதுக்கு ஒத்தி வெக்கணும்? பதினோரு தடவ நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா நிறுவனம் எங்கள ஒரு கேள்வி கேட்டிருக்கு. கேக்கட்டுமே! குரோசே சான், அடுத்த உறையப் பிரிங்க. பயப்படாதீங்க, தெரிஞ்சதச் சொல்றோம்.”

கைதட்டல் எழுந்தது. குரோசே மேயரைப் பார்த்தார். மேயர் கைக்குட்டைக்குள் இருந்தார். வேறு வழியில்லாமல் இரண்டாவது உறையைப் பிரித்தார்.

“நான் எழுபத்து நான்கு வயதான விவசாயி” என்று ஆரம்பித்தார்.

“இப்பத்தானே குழந்த பெத்தீங்க, அதுக்குள்ள எழுபத்து நாலா?” என்றது பின்வரிசை.

அந்தக் கேள்விக்கு உரிய பதில் பாய்விரிப்புக் கடைக்கார அம்மாளிடம் இருந்தது. “எங்கள் நிலையத்தின் ஊழியர்கள் இரவு பகலாக...” என்று அவள் படிக்கும்போதே அவளுக்கு விக்கலோடு சிரிப்பு வந்து, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. தொகாஷி ஒயரைக் கையில் சுற்றியபடி நின்றார். திங்கட்கிழமை தன்னைப் பூங்காப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், மீதி வேலைக் காலம் பொதுக் கழிப்பறைகளின் விளக்குகளை எண்ணியே கழியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் மூன்றாவது உறை அவருக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கேள்வியை அவர் இட்டுக்கட்டவில்லை. அது அவருடைய மகள் சிஹோவின் கேள்வி.

சிஹோ ஒசாகாவில் இருந்தாள். பிப்ரவரியில் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராமல் வேறெங்கே போவாள்? மனைவி மசுமி செப்டம்பரிலிருந்தே மாடி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சிஹோ வருகிறேன் என்று சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டாள்.

“அப்பா, நேராவே கேக்குறேன். புத்தாண்டுக்குள்ள உலைய ஓட்டப் போறாங்கன்னு பேப்பர்ல வருது. ரெண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா, வயித்தத் தள்ளிக்கிட்டு நான் எந்த ரோட்ல வெளிய போவேன்? நான் வரலாமா, வேண்டாமா?”

“இப்போதைய நிலவரப்படி உடனடிப் பாதிப்பு எதுவும்...”

“அப்பா, நான் உங்க பொண்ணு. பொதுமக்கள் இல்ல.”

“இல்லம்மா, அந்த விஷயம் சம்பந்தப்பட்ட துறையோட தீவிரப் பரிசீலனைல...”

“சரி. நான் வர்றதும் தீவிரப் பரிசீலனைல இருக்கு.” ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சோற்றுக்கு மசுமி அவருக்கு மட்டும் ஊறுகாய் வைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஐந்து கேள்வி எழுத உட்கார்ந்தவருக்கு நான்குக்கு மேல் கற்பனை ஓடவில்லை. மகளின் கேள்வியையே எடுத்து, பொதுமக்களுக்கு ஏற்றபடி ஓரங்களைக் கொஞ்சம் மழித்து, மூன்றாவதாகச் செருகினார். அதற்கு எழுதிய பதில், “வெளியேற்றத் திட்டம் தொடர்ந்து செம்மைப்படுத்தப்பட்டு வருகிறது.” எழுதி முடித்ததும் அவருக்கே ஊறுகாய் நினைவு வந்தது.

குரோசே மூன்றாவது காகிதத்தை எடுத்தார். முதல் இரண்டையும்போல வேகமாகப் படிக்கவில்லை.

“எனக்கு பிப்ரவரியில் பிரசவம். தாய்வீடு இங்கே. பனி விழும் நாளில் ஏதாவது நடந்தால் நான் எந்தச் சாலையில் போவேன்?”

யாரும் கிண்டல் செய்யவில்லை. இதற்கான பதிலை வைத்திருந்தவர், பனி அள்ளும் வண்டி ஓட்டும் உசுய். கட்டை குட்டையான ஆள். எழுந்து, காகிதத்தை ஒருமுறை கண்ணால் மேய்ந்தார். “வெளியேற்றத் திட்டம் தொடர்ந்து...” என்று வாயெடுத்தார். நிறுத்தினார். காகிதத்தை மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

“இத என்னால படிக்க முடியாதுங்க, தொகாஷி சான். நானே சொல்லவா?”

“சொல்லுங்க” என்றார் தொகாஷி.

“இந்த ஊர விட்டு வெளிய போக ரெண்டு ரோடு. ஒண்ணு காக்கைக் கணவாய். அத டிசம்பர்ல மூடினா ஏப்ரல் கடைசிலதான் தொறப்பாங்க. மூடுறதும் நான்தான், தொறக்கறதும் நான்தான், அதனால எனக்குத் தெரியும். மிச்சம் இருக்கறது கடற்கரை ரோடு. அது எங்க போகுது?”

எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அணுமின் நிலையத்தின் வாசலை உரசிக்கொண்டு போகிறது.

“அதாவது” என்றாள் இகுகோ, “உலைக்குப் பயந்து ஓடுற பொண்ணு, உலையோட வாசல்ல நின்னு, ‘கொஞ்சம் வழி விடுங்க’ன்னு கேட்டுட்டுப் போகணும்.”

சிலர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வாயில் இத்தனை நாளாக ஒட்டியிருந்த எதையோ துப்பின மாதிரி.

குரோசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முன்னால் இருந்தது வெறும் கேள்வித்தாள். படித்துக் காட்ட எழுதிவைத்த பதில் எதுவும் இல்லை. ஒருவேளை இருந்திருந்தால் படித்திருப்பார்.

“ஆமாங்க” என்றார். “அப்படித்தான். நான் தினமும் அந்த ரோட்லதான் வேலைக்கு வர்றேன். இன்னிக்கு வண்டி நின்னுபோச்சில்ல, அது எங்க வாசலுக்கு நூறு மீட்டர் முன்னாடி. பின்னால ஒம்பது வண்டி மாட்டிக்கிச்சு. வெயில் அடிக்கறப்பவே இப்படி. தடுப்புச் சுவரப் பத்தி நீங்க என்ன கேட்டாலும் என்னால சொல்ல முடியும், அத நான் கட்டினேன். இந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. ரோடு எங்க பொறுப்பு இல்லன்னு மாகாணத்துக்கு எழுதிட்டோம். மாகாணம் ஊருக்கு எழுதியிருக்கும்.”

“எழுதிச்சு” என்றார் தொகாஷி. “நாங்க அத செம்மைப்படுத்திக்கிட்டு இருக்கோம்.”

இதற்குத்தான் அன்றைக்கு மிகப் பெரிய சிரிப்பு. தொகாஷி வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு வந்த பிறகு, வேண்டுமென்றே சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கூட்டம் அவர் கையில் இல்லை. கணவாயைக் குளிர்காலத்திலும் திறந்து வைக்க முடியுமா என்று யாரோ கேட்க, உசுய் மேடைக்கே ஏறிப் பலகையில் வளைவுகளை வரைந்தார். பனியை வீசி எறியும் பெரிய வண்டி இரண்டு, ஆள் ஆறு, ஏழாவது வளைவில் பனிச்சரிவைத் தடுக்க ஒரு கூரை. “ஆறு ஆளு போதாது, எட்டு” என்று ஓய்வுபெற்ற இன்னொரு ஓட்டுநர் சண்டைக்கு வந்தார். ஹன்சாவா உலையை ஓட்டத்தான் வேண்டும் என்றார். நிறுத்தின நாளிலிருந்து ஊழியர்கள் தலைமுடி வளர்த்துக்கொண்டே இருக்கிறார்களாம், கடை ஈயோட்டுகிறதாம். “உன் கத்தரிக்கோலுக்காக நாங்க கதிர்வீச்சு வாங்கணுமா?” என்றாள் இகுகோ. “உங்க வீட்டு ஐஸ் பெட்டி என்ன, காத்துலயா ஓடுது?” என்றார் ஹன்சாவா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டிக்கொண்டே ஒரே போத்தல் தேநீரைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். நாலு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் ஆறுக்கு முடிந்தது. இகுகோ சங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சுட்ட கணவாய் மீன் வரவழைத்தாள். ஒரே நாளில் இரண்டு கணவாய், ஒன்றையாவது இன்றைக்கு முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

கலையும்போது குரோசே தொகாஷியிடம் வந்து வணங்கினார். தொகாஷி அதைவிடக் கீழே வணங்கினார். குரோசே அதைவிட. இரண்டு வழுக்கைகளும் முட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்த பிறகு குரோசே நிமிர்ந்து கேட்டார்.

“அந்த மூணாவது கேள்வி. அது மட்டும் நீங்க எழுதின மாதிரி இல்ல.”

“எம் பொண்ணு கேட்டது.”

“அப்ப பதில் உங்க பொண்ணுக்குத்தான் கடன். நான் கேட்டுட்டு வந்து இதே எடத்துல சொல்றேன். முடியும்னாலும் சரி, முடியாதுன்னாலும் சரி.”

திங்கட்கிழமை மேயர் கூப்பிட்டார். தொகாஷி மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டே போனார். மேயர் சன்னல் பக்கம் பார்த்தபடி, “உறைய மாத்தி வெச்சதுக்கு உன்ன என்ன பண்றதுன்னே தெரியல” என்றார். “ஆனா அடுத்த கூட்டத்துக்கு இதுவரைக்கும் இருநூறு பேர் பதிவு பண்ணியிருக்காங்க. துண்டு வேண்டாமாம். நிறுவனம் கேள்வி கேக்கணுமாம். என்ன செய்யலாம்?”

“தீவிரமா பரிசீலிக்கலாம்” என்று வாய் தானாகச் சொல்லப் போனது. தொகாஷி அதைக் கடித்து நிறுத்தினார். “நடத்தலாம்” என்றார்.

இரண்டாவது தலைகீழ்க் கூட்டம் மூன்று வாரம் கழித்து, மறுபடி ஒரு சனிக்கிழமை மதியம். உறை கிடையாது, எழுதிக் கொண்டுவந்த காகிதம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று இகுகோ வாசலில் நின்று சோதனை போட்டாள். மேயரின் பையிலிருந்து மூன்று பக்கம் பறிமுதலானது. குரோசே வெறுங்கையோடு மேடை ஏறினார். டை கட்டவில்லை.

“மூணாவது கேள்விக்குப் பதில்” என்றார். “மாகாண அலுவலகத்துக்கு நாலு தடவ போனேன். கணவாயத் திறந்து வெக்கறத இந்தக் குளிர்காலத்துல செய்ய முடியாது. வண்டி இல்ல, கூரையும் கட்டல. அடுத்த குளிர்காலத்துக்குச் செய்யறோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் உலைய ஓட்டச் சொல்லி ஊரக் கேக்கறது நியாயம் இல்லன்னு எங்க தலைமையகத்துல சொன்னேன். அவங்களுக்குப் பிடிக்கல. ஆனா அடுத்த குளிர்காலம் வரைக்கும் கேக்கப் போறதில்ல.”

கைதட்டல், காலால் தரையைத் தட்டும் ஓசை. நிறுவனத்தார் ஒருவர் “முடியாது” என்று சொல்லி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. முடியாது என்றதற்கு இத்தனை கைதட்டல் வாங்கினவரும் அங்கே யாரும் இல்லை. குரோசேக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காது மறுபடி சிவந்தது.

“உலை வேண்டாம்கறதுல எனக்கு இப்பவும் மாத்தமில்ல” என்று இகுகோ அறிவித்தாள். “ஆனா இந்த ஆள் சொன்னா சொன்னபடிதான்னு எழுதி வெச்சுக்கலாம்.”

“நான் வேணும்கறேன்” என்றார் ஹன்சாவா. “அடுத்த வருஷம் மறுபடி இதே சண்டையப் போடுவோம்.”

“நீ அதுவரைக்கும் உயிரோட இருக்கணும்.”

“நீங்க இருந்தா நானும் இருப்பேன். விட்டுட்டுப் போனா நிம்மதியா இருப்பீங்களே!”

மறுநாள் காலை, ஞாயிறு. மசுமி சோற்றுக் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். தொகாஷி ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தார். திரும்ப எடுத்தார்.

“சிஹோ அப்பா” என்றாள் மசுமி, “அது கடிக்காது.”

“அவகிட்ட என்ன சொல்றது?”

“நேத்து இருநூறு பேர் முன்னாடி அந்தாளு என்ன சொன்னாரோ அத. நம்ம வீட்ல ரெண்டு பேர்தான் இருக்கோம். சுலபம்.”

ஒசாகாவில் மூன்றாவது மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள் சிஹோ. முதல் தலைகீழ்க் கூட்டத்தை யாரோ படம் பிடித்து வலையில் போட்டிருந்ததை ஏற்கெனவே பார்த்திருந்தாள். “அந்த அங்கிளுக்கு எப்பப்பா பிரசவம்?” என்று கேட்டுவிட்டு, அவளே மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு, “மூணாவது கேள்வி என்னோடதுப்பா. என்னக் கேக்காம எடுத்துட்டீங்க” என்றாள்.

“எடுத்துட்டேன். என்னோடதவிட நல்லா இருந்துச்சு.”

“சரி, பதில்?”

தொகாஷி மூச்சை இழுத்துக்கொண்டார். எந்தக் காகிதமும் இல்லாமல் பேசி எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

“கணவாய் இந்தக் குளிர்காலமும் மூடித்தான் இருக்கும். உலை ஓடாது, அது நிச்சயம். ஆனா உலைலேர்ந்து எடுத்த பழைய எரிபொருள் அங்க ஆறவைக்கிற குளத்துல கெடக்கு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வெளிய போக அந்த ஒரே ரோடுதான், அந்த வாசல் வழியாத்தான். ஆகற வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு குரோசே சொல்றார். நான் அவர நம்பறேன். எவ்வளவு கம்மின்னு கேட்டா எனக்குத் தெரியாது. பாதுகாப்பு, வான்னு சொல்ல எனக்கு வாய் வரல. வராதேன்னு சொல்லவும் மனசு வரல. உங்க அம்மா மாடியத் துடைச்சுத் துடைச்சுப் பலகையே தேஞ்சு போச்சு. எனக்கும் பேரப்புள்ளைய முதல் நாளே பாக்கணும்னு ஆசையா இருக்கு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

மசுமி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“அப்பா” என்றாள் சிஹோ. குரல் கொஞ்சம் ஈரமாக இருந்தது, அதோடு சிரிப்பும் இருந்தது. “தெரியாதுன்னு நீங்க சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

“தெரியாதது நெறைய இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன். முதல்ல நீ சொல்லு. வர்றியா, இல்லையா?”

“வரமாட்டேன்ப்பா. பிப்ரவரில வரமாட்டேன். குழந்தைய இங்கயே பெத்துக்கறேன், ஆஸ்பத்திரில பேசிட்டேன். ஜனவரி கடைசிலயே நீங்களும் அம்மாவும் கெளம்பி வந்துருங்க, முதல் நாளே பாத்துக்கலாம். மே மாசம் பனி உருகினதும் நான் கைக்குழந்தையத் தூக்கிட்டு அங்க வருவேன். ஒரு மாசம் இருப்பேன், கண்டிப்பா.”